சூடோ கைவிட்டால்: ரெக்கவரி மோடா, லைவ் யுஎஸ்பியா?

லினக்ஸில் நிரல்கள் இருக்கும் /யுஎஸ்ஆர் கோப்புறை முழுவதற்கும் தவறுதலாக சிஎச்ஓன் (கோப்பின் உரிமையாளரை மாற்றும் கட்டளை) ஓட்டினால், நிர்வாகி உரிமையோடு கட்டளைகளை இயக்க உதவும் சூடோ உடனே நின்றுவிடும். சூடோ கோப்பு ரூட்டுக்குச் (நிர்வாகிக் கணக்குக்கு) சொந்தமாக இருக்க வேண்டும், செட்யுஐடி பிட்டும் (யார் இயக்கினாலும் உரிமையாளரின் உரிமையோடு ஓடவைக்கும் குறி) வேண்டும், இரண்டுமே போயிருக்கும்.

உபுண்டுவில் முதலில் ரெக்கவரி மோடையே (பழுதுபார்க்கும் நிலை) முயலுங்கள். கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் அதைத் தேர்ந்து ரூட் ஷெல்லுக்குப் போனால், வட்டு பெரும்பாலும் படிக்க மட்டுமே திறந்திருக்கும். வட்டில் எழுதவும் வழிசெய்யும் 'மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /' கட்டளையைக் கொடுக்காமல் எதுவும் மாறாது. பிறகு சூடோ கோப்பை ரூட்டுக்கு மாற்றி, சிஎச்மோட் (அனுமதியை மாற்றும் கட்டளை) மூலம் 4755 அனுமதி கொடுங்கள். சூடோவை யார் பயன்படுத்தலாம் என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்புக்கு 0440. வரிசை முக்கியம்: உரிமையாளரை மாற்றும்போது கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) செட்யுஐடி பிட்டை அழித்துவிடும். ஆகவே சிஎச்ஓன் முதலில், சிஎச்மோட் பிறகு. பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

டெபியனில் ரூட் கணக்கு பூட்டியிருந்தால் ரெக்கவரி ஷெல் உள்ளே விடாது. / (அமைப்பு) முழுவதும் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) ஆகியிருந்தாலும் லைவ் யுஎஸ்பிதான் (நிறுவாமலே யுஎஸ்பியிலிருந்து இயங்கும் லினக்ஸ்) நல்லது. முதல் வேலை, தரவை வெளி வட்டுக்கு நகலெடுப்பது. அதே பதிப்பின் லைவ் என்றால், சிஎச்மோடின் 'ரெஃபரன்ஸ்' விருப்பத்தால் சரியான அனுமதியை அப்படியே பார்த்து எழுதலாம். உரிமையாளர், குழு பெயர்களை மட்டும் சிஎச்ரூட்டுக்குள் (லைவிலிருந்தபடியே பழுதான அமைப்பின் உள்ளே நுழையும் வழி) போய் மாற்றுங்கள். வெளியே நின்றால் லைவ் அமைப்பின் பயனர், குழு எண்கள் பதிவாகிவிடும். லக்ஸ் (வட்டைப் பூட்டும்) குறியாக்கம் இருந்தால் முதலில் வட்டைத் திறக்கக் கடவுச்சொல் தேவை.

777 பரவிய கணினியைத் தரவை மீட்டபின் புதிதாக நிறுவிவிடுவதே என் பரிந்துரை. எஸ்எஸ்எச் சாவிகள் முதல் ஷேடோ (கடவுச்சொற்களின் கோப்பு) வரை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினாலும் ஏதாவது விடுபடும்.