குரங்கணி, கொழுக்குமலை: "அனுமதி எல்லாம் இருக்கிறது" என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்

மதுரையிலிருந்து கொழுக்குமலைக்கு ஒருநாள் மலையேற்றம் என்று வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் வரும் விளம்பரத்தைப் பார்த்துப் பணம் அனுப்பப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் காளவாசலில் வேன் ஏற்றம், இரவுக்குள் வீடு, சாப்பாடு, வழிகாட்டி, முதலுதவி, வனத்துறை அனுமதி, எல்லாம் சேர்த்து ஆளுக்கு 2,400 ரூபாய். "எளிதான நடை, குழந்தைகளும் ஏறலாம்" என்றும் போட்டிருக்கும். நான், என் மகள், அவளுடைய கல்லூரித் தோழி, என் தம்பி என நான்கு பேருக்குக் கட்டினோம். வனத்துறை அனுமதி என்றது முழுப் பொய். மற்றதெல்லாம் பாதிப் பொய்.

பணம் கட்டும் முன்பே என் தம்பி அனுமதிச் சீட்டைக் கேட்டான். "கையிலேயே இருக்கிறது அண்ணே, வேனில் ஏறும்போது காட்டுகிறேன்" என்றார் நடத்துபவர். வேனில் ஏறிய பிறகு, "போடியில் காட்டுகிறேன்" என்றார். போடியில் டீ குடிக்க நிறுத்தியபோது தன் செல்போனை உயர்த்தி வேன் முழுவதற்கும் பொதுவாக ஒருமுறை காட்டிவிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மேலே அரசு முத்திரை தெரிந்தது. கீழே இருந்த எழுத்தை யாராலும் படிக்க முடியவில்லை.

போடியிலிருந்து முந்தல் போய்த்தான் மலையடிவார ஊரான குரங்கணிக்குத் திரும்ப வேண்டும். முந்தல் வருவதற்குள் அவர் எழுந்து நின்று எங்களுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தார். "யாராவது நிறுத்திக் கேட்டால் குரங்கணியில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று சொல்லுங்கள் அக்கா. ஷூ, கைத்தடியை எல்லாம் சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்." அனுமதி வாங்கியவர் எதற்காக எங்களைப் பொய் சொல்லச் சொல்கிறார் என்று தம்பி கேட்டான். "ஒவ்வொரு சீட்டாகப் பார்க்க ஆரம்பித்தால் வெயில் ஏறிவிடும் அண்ணே, அதற்காகத்தான்" என்று பதில் வந்தது. அன்று எங்களை யாரும் நிறுத்தவில்லை.

குரங்கணியில் இறங்கியதும் நடத்துபவருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. எங்களை ஒரு பையனிடம் ஒப்படைத்துவிட்டு வேனிலேயே உட்கார்ந்துகொண்டார். பையனுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். காலில் ரப்பர் செருப்பு. இந்த வழியில் இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் வந்திருப்பதாக என் மகளிடம் அவனே சொன்னான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை; கூலிக்கு அனுப்பப்பட்டவன். முதலுதவிப் பெட்டி என்று அவன் தோளில் தொங்கியதைப் பின்னர் திறந்து பார்த்தோம். ஒரு சுருள் கட்டுத்துணி, பாதி பிதுக்கிய களிம்பு, தேதி முடிந்த தலைவலி மாத்திரை அட்டை. அவ்வளவுதான். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர்.

குரங்கணியிலிருந்து ஊரறிந்த பழைய பாதை ஒன்று சென்ட்ரல் ஸ்டேஷன் குடியிருப்பு வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஏறுகிறது. ஆங்கிலேயர் காலத்தில் மூணாறுத் தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் இந்தப் பக்கம்தான் இறக்கினார்கள். 1924 வெள்ளத்தில் மூணாற்று ரயில்பாதை அடித்துப் போகும்வரை அங்கே ரயிலும் ஓடியது. பார்க்க வேண்டிய இடம்தான். எங்களை அந்தப் பாதைக்கே கூட்டிப் போகவில்லை. ஒரு மாந்தோப்புக்குப் பின்னால் நுழைத்து, ஆள் நடமாட்டமில்லாத சரிவில் ஏற்றினான் பையன். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் 7,000 அடிக்கும் மேலே இருக்கிறது. அடிவாரத்திலிருந்து அங்கே கால்நடையாக ஏறுவதை எளிதான நடை என்று எழுதுகிறவருக்கு மலையும் தெரியாது, மனிதர்கள் மேல் அக்கறையும் கிடையாது.

ஜனவரி முடியும் நேரம். மழை நின்று வாரக்கணக்கில் ஆகியிருந்தது. சரிவு முழுக்க இடுப்பளவுக்குப் புல் காய்ந்து வெளுத்து நின்றது, உரசினால் சரசரத்தது. மகளின் தோழிக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எல்லாரிடமும் தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. அந்த இடத்தில் வழிகாட்டிப் பையன் ஒரு பீடியை எடுத்துப் பற்றவைத்து, குச்சியை உதறிப் புல்லிலேயே போட்டான். முனையில் இன்னும் சிவப்பு இருந்தது. என் தம்பி பாய்ந்து மிதித்துத் தேய்த்தான். அப்படியும் ஒரு கைப்பிடிப் புல் கருகிவிட்டது.

அந்த மலையில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கைப்பிடிக் கருகல் எப்படி இருந்திருக்கும் என்று விளங்கும். 2018 மார்ச் 11. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் குழுவினர் காட்டுத் தீயில் சிக்கினார்கள். அன்றும் அடுத்து வந்த நாட்களிலும் மருத்துவமனைகளிலுமாக 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் வயதினர். அவர்கள் நடந்த பாதைக்கு அனுமதி இருக்கவில்லை என்று வனத்துறை அப்போது சொன்னது. மலையேற்றத்தை முறைப்படுத்த அரசு தனி விதிகள் கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான். காய்ந்த புல்லில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு எந்தக் காலும் ஈடுகொடுக்காது. அந்த ஊரில் அது நடந்த பிறகும் ஒருவர் அதே சரிவுக்கு, பழக்கமில்லாத பையனை முன்னால் விட்டு, பிள்ளைகளை ஏற்றி அனுப்புகிறார் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 2,400 ரூபாய் அப்புறம்.

சற்று நேரத்தில் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரும் அவருடன் பெரியவர் ஒருவரும் மேலிருந்து இறங்கி வந்தார்கள். "யார் கூட்டி வந்தது?" என்றுதான் முதலில் கேட்டார்கள். பையன் தன் செல்போனில் இருந்த அனுமதிச் சீட்டைக் காட்டினான். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எங்களுக்கும் கேட்கும்படி ஒவ்வொரு வரியாகப் படித்தார். பாதை: குரங்கணி – சாம்பலாறு. தேதி: டிசம்பர் மாதத்தில் ஒரு ஞாயிறு. பெயர்கள் ஐந்து. அதில் எங்கள் வேனில் வந்த ஒருவர் பெயர்கூட இல்லை. யாரோ முறையாக வாங்கி நடந்து முடித்த சீட்டை வைத்துக்கொண்டு, வேறு தேதியில், வேறு பாதையில், வேறு ஆட்களை ஏற்றியிருக்கிறார் அந்த மனிதர்.

மலையேற்ற அனுமதி இன்ன பாதைக்கு, இன்ன தேதிக்கு, இன்ன ஆளுக்கு என்றுதான் தரப்படுகிறது. குழுவுக்குப் பொதுவாக ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதில் உங்கள் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று கேளுங்கள். இல்லையென்றால், சட்டத்தின் கண்ணில் காப்புக்காட்டுக்குள் அத்துமீறி நுழைந்தவர்களில் நீங்களும் ஒருவர். கீழே அழைத்து வந்து பெயர், முகவரி எழுதிக்கொண்டு அபராதம் கட்டச் சொன்னார்கள். கட்டினோம். வனத்துறை ஊழியர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கால் பிடித்துக்கொண்ட பெண்ணைக் கைத்தாங்கலாக இறக்கியவர்களும், உப்புப் போட்ட மோர் கொடுத்தவர்களும் அவர்களே. "இன்னும் ஒரு மணி நேரம் ஏறியிருந்தால் உங்களைத் தேடிக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு இருட்டியிருக்கும் அம்மா" என்றார் பெரியவர்.

குரங்கணியில் வேன் இல்லை. நடத்துபவரின் செல்போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பஸ் பிடித்து போடிக்கு வந்து, மாலை ரயிலில் மதுரை திரும்பினோம். 2023-இல் போடிவரை ரயில் வந்திருக்காவிட்டால் அன்று இரவு என்ன செய்திருப்போமோ தெரியாது.

மறுநாள் பணத்தைக் கேட்டபோது, "மலையில் கால் வைத்துவிட்டீர்கள் அக்கா, இனிப் பணம் திரும்பாது" என்றார். அபராதத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "அது வனத்துறைக்கும் உங்களுக்கும் உள்ள விஷயம்" என்று சொல்லிவிட்டு என் எண்ணைத் தடை செய்துவிட்டார். பணம் போனது எந்த நிறுவனத்தின் கணக்குக்கும் அல்ல, ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு. ரசீது கிடையாது. ஆனால் பணம் போனதைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டும், "அனுமதி உண்டு" என்று அவர் எழுதிய வாட்ஸ்அப் செய்தியும் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டோம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இதே ஆளிடம் ஏமாந்த மற்றவர்களும் ஆதாரங்களை அழிக்காமல் வைத்திருங்கள்.

மலை ஏற வேண்டும் என்ற ஆசை தவறில்லை, அதற்கு நேர்வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் அரசு "ட்ரெக் தமிழ்நாடு" திட்டத்தைத் தொடங்கி 40 பாதைகளைத் திறந்தது. அதன் இணையதளத்தில் நாமே நம் பெயரில் பதிவு செய்யலாம்; பாதை எளிதா, நடுத்தரமா, கடினமா என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள்; உள்ளூர் மலைவாழ் மக்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகிறார்கள். மதுரை மாவட்டத்திலேயே தாடகை மலையும் வாசிமலையும் அந்தப் பட்டியலில் உள்ளன. குரங்கணியில் நடக்க வேண்டுமென்றால் சாம்பலாறு பாதை இருக்கிறது. கொழுக்குமலை உச்சிதான் வேண்டும் என்பவர்கள் போடிமெட்டு, பூப்பாறை வழியாகச் சூரியநெல்லி போய் ஜீப்பில் ஏறுங்கள்; மலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் வண்டிப் பாதை கேரளத்துப் பக்கம்தான். காலையில் ஏறி டிபனுக்கு இறங்கிவிட நினைப்பவர்களுக்குக் கீழக்குயில்குடி சமணர் மலை போதும். பேச்சிப்பள்ளத்துச் சிற்பங்களைப் பார்த்தபடி ஏறினால் மேலிருந்து வயல்வெளியும் கண்மாயும் தெரியும். அதற்கு எந்த இடைத்தரகரும் தேவையில்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், அவருடைய புது விளம்பரம். வருகிற மார்ச் மாதத்துக்கு முன்பதிவு என்று போட்டிருக்கிறார். தீ அபாயத்துக்காக 2025-இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அரசே எல்லா மலையேற்றப் பாதைகளையும் மூடியது. அந்த மாதங்களில் காட்டுக்குள் கூட்டிப் போகிறேன் என்று ஒருவர் சொன்னாலே விலகிவிடுங்கள். விளம்பரத்தில் உள்ள படத்தில் மாந்தோப்பில் சிரித்தபடி நிற்பவர்களில் என் மகளும் அவள் தோழியும் இருக்கிறார்கள். ஏற ஆரம்பிக்கும் முன் அவர் எடுத்த படம். கீழே "வனத்துறை அனுமதியுடன்" என்று எழுதியிருக்கிறது. படத்தை நீக்கச் சொல்லித் தம்பியின் எண்ணிலிருந்து அனுப்பிய செய்திக்குப் பதில் இல்லை. நாளை காவல் நிலையத்தில் மனுக் கொடுக்கிறோம். அந்தப் படத்துடன் விளம்பரம் உங்களுக்கு வந்தால் பணம் அனுப்பாதீர்கள், வேறு யாருக்கும் பகிராதீர்கள்.