யூரெயில் பாஸ்: நண்பர் குழுவோடு தலைநகரங்களைச் சுற்றியவரின் மதிப்பீடு

நண்பர்கள் சேர்ந்து முதல்முறையாக ஐரோப்பாவுக்குப் புறப்படத் திட்டமிடும்போது, விசாவும் விமானச் சீட்டும் ஒருவழியாக முடிவான பிறகு, ஊருக்கு ஊர் எதில் போவது என்பதில்தான் பேச்சு நீளும். பேருந்து மலிவு என்பார் ஒருவர். விமானம்தான் விரைவு என்பார் இன்னொருவர். நாங்கள் பல நாடுகளின் ரயில்களுக்கும் ஒரே சீட்டாகச் செல்லும் யூரெயில் குளோபல் பாஸை எடுத்துக்கொண்டு ரயிலில் போனோம். பாரிஸில் இறங்கி, பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், பிராக், வியன்னா, பிராட்டிஸ்லாவா வழியாக புடாபெஸ்டில் முடித்த அந்தப் பயணத்தை வைத்து, இந்தப் பாஸ் யாருக்குப் பொருந்தும், எங்கே பொருந்தாது என்று எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், பணத்தை மிச்சப்படுத்துவதற்காக இதை வாங்கினால் ஏமாற்றம் மிஞ்சலாம். குழுவாகப் போகிறவர்கள் ஒருவரையொருவர் நெருக்காமல் பயணம் செய்ய விரும்பினால், இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். யூரெயில் பாஸ் 1959 முதல் விற்கப்படுகிறது; ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு மட்டுமே உரியது. ஐரோப்பாவிலேயே குடியிருக்கும் நம்மவர்கள் இன்டர்ரெயில் என்ற பாஸைத்தான் வாங்க வேண்டும். இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என்றாலும், இன்டர்ரெயிலில் தாம் வசிக்கும் நாட்டுக்குள் வெளியே செல்ல ஒரு நாளும் திரும்பி வர ஒரு நாளுமாக மட்டுமே பயணிக்க முடியும் என்ற கட்டுப்பாடு உண்டு. குளோபல் பாஸ் 33 நாடுகளில் செல்லும். ஒரு மாதத்துக்குள் விரும்பிய 4, 5 அல்லது 7 நாள்களில் பயணம் செய்யலாம் என்பதுபோன்ற வகைகளும், இடைவெளியின்றித் தொடர்ந்து பயன்படுத்தும் வகைகளும் இருக்கின்றன. ஏழு பயண நாள் கொண்ட இரண்டாம் வகுப்புப் பாஸ் பெரியவர் ஒருவருக்கு 400 யூரோவுக்குச் சற்று முன்பின்னாக வருகிறது. 27 வயது வரை உள்ளவர்களுக்கு அதில் கால்பங்கு குறையும். எனவே கல்லூரி முடித்த கையோடு போகும் குழுக்களுக்குக் கணக்கு வேறாகிவிடும்.

இப்போது அந்தக் கணக்கையே பார்ப்போம். பெர்லினிலிருந்து பிராகுக்கோ, பிராகிலிருந்து வியன்னாவுக்கோ, வியன்னாவிலிருந்து புடாபெஸ்டுக்கோ சில வாரங்களுக்கு முன்பே சலுகைச் சீட்டு எடுத்தால், பல நாள்களில் 20, 30 யூரோவுக்கே கிடைத்துவிடும். ஆம்ஸ்டர்டாம் - பெர்லின் கொஞ்சம் கூடுதல். எல்லாவற்றையும் கூட்டினாலும் பாஸின் விலையை எட்டாது. எனவே, எந்த நாளில் எந்த வண்டியில் ஏறுவோம் என்பது இரண்டு மாதத்துக்கு முன்பே உறுதியாகத் தெரிந்தவர்களுக்குத் தனித்தனிச் சீட்டே லாபம். இதை மறைத்துப் பாஸைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் அந்தச் சலுகைச் சீட்டுகள் குறிப்பிட்ட நாளுக்கும் குறிப்பிட்ட வண்டிக்கும் மட்டுமே செல்லும். வண்டியைத் தவறவிட்டால் பணம் போனதுதான். புறப்படும் நாளில் போய் வாங்கினாலோ, அதே தூரத்துக்குப் பல மடங்கு கொடுக்க நேரும். பாஸின் விலை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அந்த விலைக்கு நமக்குக் கிடைப்பது, எந்த நேரத்திலும் மனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை.

தனியாகப் போகிறவருக்கு இந்த உரிமை ஒரு வசதி மட்டுமே. குழுவாகப் போகிறவர்களுக்கோ அது நட்பையே காப்பாற்றும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். பிராகில் புறப்பட வேண்டிய நாளன்று காலையில் எங்களில் இருவருக்கு வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தை அன்றே பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. மற்றவர்களுக்கோ கூட்டம் இல்லாத நேரத்தில் சார்லஸ் பாலத்தை இன்னொரு முறை நடந்து கடக்க வேண்டும். தனிச் சீட்டு வைத்திருந்தால் யாராவது ஒரு பக்கத்தினர் விட்டுக்கொடுத்திருக்க வேண்டும், அந்த மனக்குறை மாலை வரை நீடித்திருக்கும். பாஸ் ஆளுக்கு ஆள் தனித்தனி என்பதால், முதலில் போக நினைத்தவர்கள் காலை வண்டியில் போய்விட்டார்கள்; நாங்கள் மதியத்துக்கு மேல் கிளம்பினோம். நான்கு மணி நேரப் பயணம்தான். இரவு உணவுக்கு எல்லோரும் வியன்னாவில் ஒன்றுகூடிவிட்டோம், யாருக்கும் கூடுதலாக ஒரு காசு செலவாகவில்லை.

பாஸைப் பயன்படுத்தும் முறை எளிது. ரெயில் பிளானர் என்ற செயலியில் பாஸ் எண்ணைச் சேர்த்து, பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் ஆகியவற்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு நாம் ஏறப்போகும் வண்டியைத் தேடி நம் பயணப் பட்டியலில் சேர்த்து, அதன் பக்கத்திலுள்ள பொத்தானை நகர்த்தினால் அன்றைய நாள் பயண நாளாகத் தொடங்கி, கியூஆர் குறியீடு கொண்ட சீட்டு திரையில் தோன்றும். பரிசோதகர் வந்து கருவியை அதன்மேல் காட்டுவார். சிலர் பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள். பயண நாள் என்பது நள்ளிரவு முதல் அடுத்த நள்ளிரவு வரை. அதற்குள் எத்தனை வண்டி வேண்டுமானாலும் மாறலாம். இரவு ரயிலில் ஏறி, நள்ளிரவுக்குப் பிறகு வேறு வண்டிக்கு மாறாமல் போனால் புறப்பட்ட நாள் மட்டுமே கணக்கில் வரும். அந்தப் பொத்தானை முந்தைய இரவே நகர்த்தி வைக்க வேண்டியதில்லை. நிலையத்துக்குப் போய், வண்டி வருகிறது என்று தெரிந்த பிறகு செய்தாலே போதும். ஒரே கைபேசியில் பலருடைய பாஸையும் சேர்த்து வைக்க முடியும் என்றாலும், குழு பிரியக்கூடும் என்பதால் அவரவர் பாஸ் அவரவர் கையில் இருப்பதே நல்லது.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். முதலாவதும் பெரியதும் முன்பதிவுக் கட்டணம். எல்லா ரயிலிலும் ஏறலாம் என்று நினைத்துக்கொண்டு பாஸை வாங்குகிறவர்கள், மேற்கு ஐரோப்பாவின் அதிவிரைவு வண்டிகள் பலவற்றில் இருக்கையைத் தனியாகப் பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும் என்பதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள். பிரான்ஸின் டிஜிவி, ஸ்பெயினின் ஏவிஇ, இத்தாலியின் ஃப்ரெச்சியாரோசா, லண்டனையும் பாரிஸையும் ஆம்ஸ்டர்டாமையும் இணைக்கும் யூரோஸ்டார் ஆகிய எல்லாவற்றுக்கும் இந்த விதி உண்டு. யூரோஸ்டாரில் அந்தக் கட்டணம் ஒருவருக்கு 30 யூரோ அளவுக்குப் போகும். அதிலும் பாஸ் வைத்திருப்பவர்களுக்கென ஒதுக்கும் இடங்கள் குறைவு. கோடைக்காலத்தில் ஒரு குழுவுக்கு ஒரே வண்டியில் அத்தனை இடம் கிடைப்பது அரிது. பாரிஸிலிருந்து பெர்லினுக்கு 2024 டிசம்பரில் தொடங்கிய நேரடிப் பகல் வண்டி ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் சேர்த்துவிடும் என்றாலும் அதற்கும் முன்பதிவு கட்டாயம். பாஸின் முழுப் பயனும் விருப்பப்படி ஏறி இறங்குவதில்தான் இருக்கிறது என்னும்போது, அந்த விருப்பத்தையே தடுக்கும் வண்டிகளுக்கு மேலும் பணம் கொடுப்பதில் பொருளில்லை.

ஆகவே நாங்கள் பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு மட்டும் முன்கூட்டியே தனிச் சீட்டு எடுத்துக்கொண்டு, பாஸைப் பிரஸ்ஸல்ஸிலிருந்துதான் தொடங்கினோம். அங்கிருந்து கிழக்கே புடாபெஸ்ட் வரை முன்பதிவு கட்டாயமில்லாத வண்டிகளிலேயே போக முடிந்தது. பிரஸ்ஸல்ஸ் - ஆம்ஸ்டர்டாம் பாதையில் யூரோஸ்டாரை விட்டுவிட்டு யூரோசிட்டி வண்டியைப் பிடித்தால் நேரம் சற்றுக் கூடும். ஆனால் நடுவில் ஆண்ட்வெர்ப்பில் இறங்க முடியும். 1905-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த நிலையத்தின் கல் மண்டபத்தையும், ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த நடைமேடைத் தளங்களையும் பார்ப்பதற்காகவே இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம். சலுகைச் சீட்டில் இப்படி இடையில் இறங்கிப் பிறகு வேறு வண்டியில் ஏறும் வாய்ப்புப் பெரும்பாலும் இராது.

இந்தப் பயணத்தின் சிறந்த பகுதி பெர்லினிலிருந்து பிராகுக்குப் போன பாதை. டிரெஸ்டனைத் தாண்டியதும் வண்டி எல்பே ஆற்றங்கரையைப் பிடித்துக்கொள்கிறது. மணற்கல் பாறைகள் செங்குத்தாக எழுந்து நிற்க, ஆற்றின் வளைவுக்கெல்லாம் வண்டியும் வளைந்து கொடுத்துக்கொண்டு போகும். பிராக் நோக்கிப் போகிறவர்கள் இடப்பக்க இருக்கையில் அமர்ந்தால் ஆறு முழுவதும் தெரியும். எல்லை கடந்து செக் நாட்டுக்குள் நுழைந்த பிறகும் ஆறு நெடுநேரம் கூடவே வருகிறது. செக் ரயில்வேயின் உணவுப் பெட்டியில் சூடாகச் சமைத்த உணவு பீங்கான் தட்டில் வரும். சைவம் உண்பவர்கள் அங்கே கிடைக்கும் பொரித்த பாலாடைக்கட்டியை நம்பலாம். விலை ஊருக்குள் இருக்கும் உணவகத்தைவிட அதிகமில்லை என்பது எங்களுக்கு வியப்பாகவே இருந்தது.

அடுத்ததாக, வியன்னாவிலிருந்து புடாபெஸ்டுக்கு நேராகப் போகாமல் பிராட்டிஸ்லாவா வழியாகப் போனது. ரெயில்ஜெட் வண்டியில் நேராகப் போனால் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் புடாபெஸ்டின் கெலெட்டி நிலையத்தில் இறக்கிவிடும். பெரும்பாலோர் அப்படித்தான் போகிறார்கள். வியன்னாவும் பிராட்டிஸ்லாவாவும் ஒரு மணி நேரத் தொலைவில்தான் இருக்கின்றன. காலையில் கிளம்பி, பிராட்டிஸ்லாவாவின் பழைய நகரையும் கோட்டையையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, மாலை வண்டியில் புடாபெஸ்ட் போய்ச் சேர்ந்தோம். மூன்று தலைநகரங்களைத் தொட்ட அந்த நாள், பாஸில் ஒரே ஒரு பயண நாளாகத்தான் கழிந்தது. அந்தப் பாதையில் டான்யூப் ஆறு வலப்பக்கம் வரும். விஷேக்ராட் கோட்டை எதிர்க்கரைக் குன்றின்மேல் தெரியும்போது பெட்டியில் இருந்த பலரும் எழுந்து நின்று பார்த்தார்கள். புடாபெஸ்டில் வண்டி நின்ற நியுகாட்டி நிலையம் 1877-இல் ஈபெல் நிறுவனம் கட்டியது. ஆனால் வியன்னாவிலேயே தங்கிக்கொண்டு பிராட்டிஸ்லாவாவுக்கு மட்டும் போய்வர நினைப்பவர்கள், அதற்காகப் பாஸில் ஒரு நாளைச் செலவிட வேண்டாம். சாதாரணச் சீட்டே மிக மலிவு.

முன்பதிவு கட்டாயமில்லை என்பதால் இருக்கை நிச்சயம் என்று பொருளல்ல. வெள்ளிக்கிழமை மாலையிலும் கோடை வார இறுதிகளிலும் பிராக் - வியன்னா, வியன்னா - புடாபெஸ்ட் வண்டிகள் நிரம்பி வழியும். இருக்கைக்கு மேலே உள்ள சிறிய திரையிலோ காகிதத் துண்டிலோ எந்த ஊரிலிருந்து எந்த ஊர்வரை அது பதிவாகியிருக்கிறது என்று எழுதியிருக்கும். அதை வாசித்துவிட்டு உட்கார்ந்தால், நடுவில் ஒருவர் வந்து எழுப்பும் நிலை வராது. ஒன்றிரண்டு பேர் எப்படியும் சமாளித்துவிடலாம். பெட்டி படுக்கையோடு ஒரு குழு சேர்ந்து உட்கார வேண்டுமென்றால், 3 முதல் 6 யூரோ வரை கொடுத்து விருப்ப முன்பதிவு செய்துகொள்வது மிகவும் நல்லது. நீண்ட பயணங்களுக்காவது இதைச் செய்யச் சொல்வேன்.

தாமதங்களைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மனியின் தொலைதூர ரயில்களில் 2024-இல் 62.5 விழுக்காடு மட்டுமே நேரத்துக்கு வந்தன. அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைச் 'சரியான நேரம்' என்று எடுத்துக்கொண்ட கணக்கு. இணைப்பு வண்டி தவறிப்போனால் பாஸ் வைத்திருப்பவர் எந்தச் சாளரத்திலும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அடுத்த வண்டியைச் செயலியில் சேர்த்துக்கொண்டு ஏறிவிடலாம். பெர்லின் முதன்மை நிலையம்போல மேல்தளத்திலும் பூமிக்கடியிலுமாக நடைமேடைகள் உள்ள இடங்களில் வண்டி மாறுவதற்கு அரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

நகரங்களுக்குள் இந்தப் பாஸ் அதிகம் உதவாது. மெட்ரோ, டிராம், பேருந்து எதற்கும் செல்லாது. பெர்லினிலும் வியன்னாவிலும் எஸ்-பான் புறநகர் ரயிலில் செல்லும். ஆனால் அதற்காகவே ஒரு பயண நாளைத் தொடங்குவது வீண். ஊர் மாறும் நாளன்று நிலையத்துக்குப் போக அதைப் பயன்படுத்திக்கொள்வது வேறு. ஃபிளிக்ஸ்டிரெயின்போன்ற சில தனியார் வண்டிகள் இந்தப் பாஸை ஏற்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

விசா கிடைக்கும் முன்பே பாஸ் வாங்க அவசரப்பட வேண்டாம். ஷெங்கன் விசாவுக்கு அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், எந்த நகரத்தில் எத்தனை இரவு என்பதைக் குழுவாக உட்கார்ந்து முதலில் தீர்மானித்துவிடுங்கள். விசா கையில் வந்த பிறகு வாங்கினாலும், கைபேசிப் பாஸ் உடனே மின்னஞ்சலில் வந்துவிடும். வாங்கிய நாளிலிருந்து 11 மாதத்துக்குள் செயல்படுத்தினால் போதும். லண்டனையும் சேர்க்க நினைப்பவர்களுக்குப் பிரிட்டன் விசா தனி, யூரோஸ்டார் கட்டணமும் தனி. அந்த நகரத்தை இந்தப் பாதையில் திணிக்காமல் இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்வதே நல்லது. முதல் வகுப்புப் பாஸுக்கும் இரண்டாம் வகுப்புக்கும் உள்ள விலை வேறுபாட்டில் கூடுதல் பயண நாள்களை வாங்கிவிட முடியும். இந்தப் பாதையின் இரண்டாம் வகுப்புப் பெட்டிகள் சுத்தமாகவும் வசதியாகவும் இருப்பதால், அந்தப் பணத்தில் நாள்களைக் கூட்டிக்கொண்டு வியன்னாவிலிருந்து சால்ஸ்பர்குக்கு ஒரு நாள் போய் வாருங்கள்.