சிங்க்ரனஸா, ஏசிங்க்ரனஸா? ஸ்டாண்ட்பை சர்வர் வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

முதன்மை சர்வர் விழுந்தாலும் வியாபாரம் நிற்கக்கூடாது என்று, அதன் தரவை நகலெடுத்துத் தயாராக நிற்கும் இரண்டாவது சர்வருக்கு (ஸ்டாண்ட்பை) பணம் ஒதுக்கும் நிறுவனங்கள், பெரும்பாலும் விலைப்பட்டியல்களைத்தான் ஒப்பிடுகின்றன. முதலில் முடிவு செய்ய வேண்டியவை வேறு. பதிவு எந்தக் கணத்தில் ஸ்டாண்ட்பை சர்வரைச் சேர வேண்டும்? முதன்மைப் பொறுப்பை மாற்றும் உத்தரவை யார் கொடுப்பது? போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை வைத்துப் பார்க்கலாம்.

அதன் இயல்பான முறை ஏசிங்க்ரனஸ். முதன்மை சர்வர் தன் வட்டில் எழுதியதுமே 'முடிந்தது' என்று பதில் சொல்லிவிடும். ஸ்டாண்ட்பைக்கு அந்தப் பதிவு பின்னால் போய்ச் சேரும். 2011இல் 9.1 பதிப்புடன் வந்த சிங்க்ரனஸ் முறையில், ஸ்டாண்ட்பையிடமிருந்து ஒப்புதல் வரும்வரை பதில் சொல்லாது. ஒப்புதல் பெற்ற பதிவு முதன்மை சர்வரோடு அழிந்துபோகாது என்பதே இதன் பெரிய பலம்.

அந்தப் பலத்துக்குத் தூரம் விலை கேட்கிறது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க சுமார் 5 மைக்ரோ நொடி ஆகும். சென்னைக்கும் மும்பைக்கும் நேர்க்கோட்டிலேயே 1,000 கிலோமீட்டருக்கு மேல். போய்வர குறைந்தது 10 மில்லி நொடி. கேபிள் நேராகப் போவதில்லை என்பதால் நடைமுறையில் இன்னும் அதிகம். ஒரு பில்லுக்கு வரிசையாக 20 முறை கமிட் செய்யும் (பதிவை உறுதிசெய்து முடிக்கும்) மென்பொருளில் காத்திருப்பு மட்டுமே 200 மில்லி நொடியைத் தாண்டிவிடும். ஆகவே சிங்க்ரனஸ் என்றால் அநேகமாக ஒரே நகரத்துக்குள் என்றே பொருள். 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்தது போன்ற வெள்ளம் இரண்டு சர்வர்களையும் சேர்த்தே பதம் பார்க்கலாம்.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. சிங்க்ரனஸ் ஸ்டாண்ட்பை ஒன்றே ஒன்று இருந்து அது நின்றுபோனால், முதன்மை சர்வர் நலமாக இருந்தும் எழுதும் வேலை எல்லாம் அப்படியே தொங்கும். பாதுகாப்புக்கென்று வாங்கிய சர்வரே வேலையை நிறுத்திவிடும். இரண்டு ஸ்டாண்ட்பை வைத்து 'யாராவது ஒருவர் ஒப்புக்கொண்டால் போதும்' என்று அமைக்க வேண்டும். ஆகவே கணக்கை மூன்று சர்வர்களிலிருந்து தொடங்குங்கள்.

உத்தரவு யாருடையது என்ற கேள்விக்கு 2018 அக்டோபர் 21 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவையான கிட்ஹப் நிறுவனத்தில் நடந்ததை நான் எப்போதும் நினைவில் வைத்திருக்கிறேன். அமெரிக்கக் கிழக்குக் கரையில் பழுதான ஒளியிழைக் கருவியை மாற்றும்போது 43 நொடிகள் இணைப்பு அறுந்தது. ஃபெயில்ஓவர் மென்பொருள் தானாகவே மேற்குக் கரைக்கு முதன்மைப் பொறுப்பை மாற்றிவிட்டது. கிழக்கே எழுதப்பட்ட கடைசிப் பதிவுகள் மேற்கே போய்ச் சேர்ந்திருக்கவில்லை. மேற்கிலோ புதிய பதிவுகள் குவியத் தொடங்கின. இரு பக்கமும் தனித்தனி உண்மைகள். தரவைக் காப்பாற்றுவதே முக்கியம் என்று அவர்கள் முடிவெடுத்ததால், சேவை முழுதாகச் சீராக 24 மணி 11 நிமிடங்கள் ஆயின. மென்பொருள் தனக்கு இட்ட வேலையைத்தான் செய்தது. ஆனால் ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் இணைப்பே திரும்பியிருக்கும் என்று அதற்குத் தெரிய வழியில்லை.

ஆகவே என் தேர்வு இது. மொத்த வியாபாரம், மருத்துவமனைப் பதிவேடு, பள்ளி நிர்வாகம் போன்றவற்றில் கடைசிச் சில நொடிப் பதிவுகளைத் தாளைப் பார்த்து மீண்டும் ஏற்றிவிடலாம். அவர்களுக்கு வேறு நகரத்தில் ஏசிங்க்ரனஸ் ஸ்டாண்ட்பையும், மனிதர் கையால் செய்யும் ஃபெயில்ஓவரும் போதும். மாற்றும் முன் பழைய முதன்மை சர்வர் மீண்டும் எழுந்து எழுதத் தொடங்காதபடி அதைத் துண்டிப்பது கட்டாயம். பணப் பரிமாற்றம் செய்பவர்களுக்கு இந்த ஆலோசனை பொருந்தாது. 'பணம் வந்துவிட்டது' என்று எதிர்த்தரப்புக்குச் சொன்ன பதிவு தொலையக்கூடாது. அங்கே மூன்று சர்வர் செலவு நியாயமானது.

எதைத் தேர்ந்தாலும் ரெப்ளிகேஷனை (ஸ்டாண்ட்பைக்குத் தரவை நகலெடுத்து அனுப்புவதை) பேக்கப் என்று நம்பிவிடாதீர்கள். தவறாக அழித்த அட்டவணை ஸ்டாண்ட்பையிலும் உடனே அழியும். 2017 ஜனவரி 31 அன்று, கிட்ஹப் போன்ற சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ரெப்ளிகேஷன் பின்தங்கி உடைந்திருந்தது. அதைச் சரிசெய்ய முயன்ற பொறியாளர் முதன்மை சர்வரின் தரவையே தவறுதலாக அழித்தார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி எஞ்சியது. அன்றாட பேக்கப்போ மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் வெகுநாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. அதை எச்சரித்த மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் தெரியவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்துத் தரவின் நகல்) இருந்ததால்தான் மீண்டார்கள்.

போஸ்ட்கிரெஸ் 9.4 முதல் ஒரு ஸ்டாண்ட்பையை வேண்டுமென்றே சில மணி நேரம் பின்தங்க வைக்க முடியும். கைதவறி அழித்ததை மீட்க நல்ல வழி. அதற்கும் மேலாக, தனி இடத்தில் உள்ள பேக்கப்பை மாதம் ஒருமுறை வெற்று சர்வரில் மீட்டு, முந்தைய நாளின் கடைசி பில் எண் அதில் வந்திருக்கிறதா என்று கணக்குப் பிரிவைப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்க எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் அன்றே எழுதி வையுங்கள்.