பூதமா, பூதக்கண்ணாடியா, பக்கத்து வீட்டுக் கதையா: பிள்ளைகளுக்கு எந்த வகைக் கதை?

புத்தகக் கண்காட்சியில் சிறுவர் நூல் கடை முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பிள்ளையின் கை ஒரு பக்கம் போகும், அப்பாவின் கை இன்னொரு பக்கம் போகும். பிள்ளை எடுப்பது அட்டையில் பூதமோ பூதக்கண்ணாடியோ இருக்கிற புத்தகம். அப்பா எடுப்பது நூறு நீதிக்கதைகள், இருநூறு நீதிக்கதைகள் வகையறா. பணம் கொடுப்பது அப்பா என்பதால் எது வீட்டுக்கு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய அலமாரி இருக்கிறது. தெருப் பிள்ளைகள் ஞாயிறு காலை வந்து புத்தகம் எடுத்துப் போவார்கள், அடுத்த ஞாயிறு திருப்பித் தர வேண்டும், தராவிட்டால் அபராதம் எதுவும் கிடையாது, என் முறைப்பு மட்டும்தான். யார் எதை எடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். கதை வகைகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த நோட்டிலிருந்து வந்தது. முக்கியமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஒவ்வொரு வகையும் முதல் சில பக்கங்களிலேயே படிக்கிற பிள்ளைக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது. யார் செய்தது என்று கடைசியில் சொல்லிவிடுவேன் என்கிறது ஒன்று. உன்னை இங்கே இல்லாத ஓரிடத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்கிறது இன்னொன்று. உனக்கு நடந்தது வேறொருவருக்கும் நடந்திருக்கிறது, உட்கார், சொல்கிறேன் என்கிறது மூன்றாவது. பிள்ளைக்கு அன்றைக்கு வேண்டியது ஒன்றாகவும் புத்தகம் கொடுத்த வாக்கு வேறாகவும் இருந்தால், இருபதாம் பக்கத்தில் பஸ் டிக்கெட் செருகிய நிலையில் அது அலமாரிக்குத் திரும்பி வரும். அந்தப் பிள்ளைக்குப் படிக்கும் பழக்கம் இல்லை என்று நாம் முடிவுகட்டி விடுவோம்.

முதலில் மாயாஜாலக் கதையையும் அறிவியல் புனைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், ஏனென்றால் இரண்டையும் பலரும் ஒரே கூடையில் போடுகிறார்கள். இரண்டிலும் நடக்காதது நடக்கிறது. ஆனால் மாயக் கதையில் எப்படி நடந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள், விளக்கைத் தேய்த்தால் பூதம் வரும், அவ்வளவுதான். அறிவியல் புனைவில் அந்த 'எப்படி'தான் கதையே. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாயைப் படித்துவிட்டு ஒரு பெண் என்னிடம் கேட்டது, இப்படி ஒன்றைச் செய்ய என்ன படிக்க வேண்டும் என்று. பூதக் கதை படித்துவிட்டு இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அதற்காக மாயக் கதையை இளக்காரமாகப் பார்க்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நல்ல மாயக் கதைக்குள் கறாரான சட்டதிட்டம் இருக்கும். 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவில் தலைமுறை தலைமுறையாகப் படித்த விக்கிரமன், வேதாளம் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜா வாய் திறக்கக் கூடாது, திறந்தால் வேதாளம் முருங்கை மரத்துக்குப் போய்விடும். ஆனால் விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். எப்படிப் போனாலும் மாட்டிக்கொள்கிற பொறி. பழைய சமஸ்கிருத மூலத்தில் இருந்தது 25 கதைகள்தான். அதே பொறியை வைத்துக்கொண்டு பத்திரிகை எத்தனையோ வருடம் புதுக் கதைகளை ஓட்டியது என்றால் பொறி அவ்வளவு வலுவானது. இன்னொன்றும் உண்டு. வேதாளம் கேள்வி கேட்டதும் நான் விடையைக் கையால் மூடிக்கொண்டு பிள்ளைகளை யோசிக்கச் சொல்வேன், அந்த நிமிடத்தில் அது மாயக் கதை என்கிற வேஷத்தைக் கழற்றி வைத்துவிட்டு விடுகதையாக மாறிவிடும். சட்டம் இல்லாத மாயக் கதைதான் மோசம். நாயகன் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் புதிதாக ஒரு மந்திரம் முளைக்கும், பிள்ளைகள் அதை மூன்றாவது மந்திரத்திலேயே கண்டுபிடித்து மூடி வைத்துவிடுவார்கள்.

சட்டம் எப்படிக் கதையை இழுத்துப் போகும் என்பதற்கு என் வயதுக்காரர்களுக்கு ஒரே பெயர் போதும்: இரும்புக்கை மாயாவி. பிரிட்டனில் 1962இல் தொடங்கிய தொடர், 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்தது. மாயாவி மின்சாரத்தில் கை வைத்தால் மறைந்துபோவான், ஆனால் அந்த இரும்புக்கை மட்டும் மறையாது. கரண்ட் இல்லாவிட்டால் மறையவே முடியாது. இந்த இரண்டு குறைகள் இல்லையென்றால் கதையே கிடையாது! அது அறிவியல் புனைவா, உளவுக் கதையா, சாகசமா என்று கேட்டால் மூன்றும்தான். படக்கதை என்பது ஒரு வகையே இல்லை, வடிவம். அதற்குள் எந்த வகையும் வரலாம். 'என் பையன் காமிக்ஸ்தான் படிக்கிறான், எப்போது கதை படிப்பான்' என்று கவலைப்படுகிறவர்களுக்கு: அவன் கதைதான் படித்துக்கொண்டிருக்கிறான், விடுங்கள்.

அடுத்து துப்பறியும் கதையும் சாகசக் கதையும். இங்கே எனக்கு ஒருதலைப்பட்சம் உண்டு, மறைக்கப் போவதில்லை. படிக்கத் தயங்குகிற பிள்ளைக்கு முதலில் நான் நீட்டுவது துப்பறியும் கதைதான். காரணம் எளிது. அதில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது, அந்தக் கேள்வி முதல் அத்தியாயத்திலேயே விழுந்துவிடும், விடை கடைசியில் வரும் என்று பிள்ளைக்கு உறுதியாகத் தெரியும். நடுவில் இரண்டு வரி புரியாவிட்டாலும் கேள்வி கையைப் பிடித்து இழுத்துப் போய்விடும். பத்து வயதுக்காரர்களுக்கான துப்பறியும் கதையில் பெரும்பாலும் கொலை இருக்காது. கோயில் சிலை காணோம், தாத்தாவின் கடிகாரம் காணோம், பக்கத்துத் தோட்டத்து நாய் ராத்திரியில் குரைக்கவில்லை, இந்த மாதிரிதான் போகும். அப்புறம் பெரியவர்களை எப்படியாவது ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், இல்லையென்றால் அப்பா நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கதையை நான்கு பக்கத்தில் முடித்துவிடுவாரே.

அதன் பலவீனமும் அதே கேள்விதான். விடை தெரிந்த பிறகு இரண்டாம் தடவை யாரும் தொடுவதில்லை. எங்கள் அலமாரியில் ஒரு புத்தகத்தின் முதல் பக்கத்தில் யாரோ ஒரு புண்ணியவான் திருடன் பெயரைப் பென்சிலில் எழுதி வைத்துவிட்டான். அந்தப் புத்தகம் அன்றோடு செத்தது என்று நினைத்தேன். பார்த்தால் எழுதியிருந்தது தப்பான பெயர்! அந்த விஷயம் எப்படியோ வெளியே கசிந்து, இப்போது சரியான ஆள் யார் என்று பார்ப்பதற்காகவே பிள்ளைகள் அதை எடுத்துப் போகிறார்கள்.

சாகசக் கதை அப்படி இல்லை. அதில் 'யார்' என்ற கேள்வி கிடையாது, 'அடுத்து எங்கே' என்பதுதான். காடு, தீவு, குகை, கடல். கேள்வி ஒன்றாக இல்லாமல் வழி நெடுக மாறிக்கொண்டே இருப்பதால், கவனம் சிதறுகிற பிள்ளைக்கு நடுவில் நூல் அறுந்துபோகும். ஆனால் பிடித்துப்போனால் பத்துத் தடவை படிப்பார்கள். ஒரே புத்தகம்தான் வாங்க முடியும், அது வருடம் முழுக்க வர வேண்டும் என்றால் சாகசம். மூன்று நாளில் ஒரு புத்தகத்தை முழுசாக முடித்த ருசி காட்ட வேண்டும் என்றால் துப்பறிதல்.

இனி நீதிக்கதை. இதை இரண்டு வரியில் தாண்டிவிடலாம் என்றுதான் இருந்தேன், பஞ்சதந்திரம் குறுக்கே வருகிறது. அதை நல்லொழுக்கப் பாடம் என்று வாங்கிக் கொடுக்கிற பெற்றோர் முதல் தந்திரத்தை ஒருமுறை முழுசாகப் படித்துவிட்டுக் கொடுக்கலாம். சிங்கத்துக்கும் எருதுக்கும் இருந்த நட்பை தமனகன் என்ற நரி கோள்மூட்டிக் கெடுக்கிறது, சிங்கம் எருதைக் கொன்றுவிடுகிறது, நரிக்குத் தண்டனை எதுவும் இல்லை, பதவிதான் கிடைக்கிறது. பிள்ளைகளுக்கு இது பிரமாதமாகப் புரிகிறது, வகுப்பில் தினமும் பார்க்கிறதுதானே. கதைக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'நீதி' என்று ஒரு வரி அச்சடித்து வைத்தால்தான் ருசி போய்விடுகிறது.

நீதிக்கதை செய்ய நினைக்கிற வேலையை ஒழுங்காகச் செய்வது, என் கணக்கில், நடப்புக் கதை. பள்ளிக்கூடம், வீடு, சண்டை, பொறாமை, அப்பா வேலை போனது, தோழி பேசாமல் போனது. இங்கே யாரும் பறக்க மாட்டார்கள். வாங்கும்போது இதுதான் கடைசியாகக் கைக்கு வரும், அட்டை பெரும்பாலும் சாதுவாக இருக்கும். ஆனால் நோட்டில் ஒன்றைக் கவனித்தேன்: இந்த வகையை எடுக்கிறவர்கள் கூட்டமாக வந்து எடுப்பதில்லை, எல்லோரும் போன பிறகு ஒருத்தராக வந்து எடுப்பார்கள், திருப்பித் தரும்போது கதையைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டார்கள். நானும் கேட்க மாட்டேன்.

கனமான விஷயத்தை நேரடி நடப்புக் கதையாகச் சொன்னால் சில பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள் என்பதும் உண்மை. அங்கேதான் வகைகளைக் கலக்கிறவர்கள் கெட்டிக்காரர்கள். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' சாகித்ய அகாதெமி சிறார் இலக்கியத்துக்குத் தருகிற பால சாகித்ய புரஸ்கார் விருதை 2020க்குப் பெற்ற கதை. குழந்தைகள் மீதான பாலியல் சீண்டல்தான் பேசுபொருள். ஆனால் சிறுமியிடம் பேசுவது ஒரு மரப்பாச்சி பொம்மை. பெரியவர்களிடம் சொல்ல முடியாததைப் பொம்மையிடம் சொல்லலாம் என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், அதனால் அந்த மாயம் ஒட்டவைத்தது மாதிரி தெரிவதில்லை. இதற்கு நேர் எதிர் இரா. நடராசனின் 'ஆயிஷா'. கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு மாணவி, அவளைப் பொறுத்துக்கொள்ளாத வகுப்பறை, அவளே தன் மேல் செய்துபார்க்கிற ஒரு சோதனை. தப்பித்துக்கொள்ள பொம்மையோ மந்திரமோ எதுவும் இல்லை, முடிவில் அவள் இல்லை. அறிவியல் வருகிறது என்பதற்காக இதை அறிவியல் புனைவு வரிசையில் வைக்கிற கடைகள் உண்டு. அது நடப்புக் கதை, கடுமையான நடப்புக் கதை. பதின்மூன்று வயதுக்கு முன்னால் தனியாகப் படிக்கக் கொடுக்க மாட்டேன், கூட உட்கார்ந்து படிப்பேன்.

சரித்திரக் கதைக்கு வருவோம். பெற்றோருக்கு நீதிக்கதைக்கு அடுத்தபடி பிடித்தது இது, பாடத்துக்கும் உதவும் என்ற நப்பாசை. பாடத்துக்கு உதவாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் குழப்பும். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் வந்தது, ஐந்து பாகம், சிறுவர்களுக்காக எழுதியதும் அல்ல. ஆனாலும் எட்டாம் வகுப்புக்காரர்கள் அதற்குள் சர்வசாதாரணமாக இறங்கிவிடுகிறார்கள், ஏனென்றால் வந்தியத்தேவன் பசியெடுத்தால் சாப்பாடு தேடுகிறான், உளறுகிறான், மாட்டிக்கொள்கிறான், நம் வீட்டுப் பையன் மாதிரியே இருக்கிறான். சிக்கல் படித்து முடித்த பிறகு வரும். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டதற்கு உடையார்குடிக் கல்வெட்டு இருக்கிறது. நந்தினி கல்கியின் கற்பனை. பிள்ளைக்கு இரண்டும் ஒரே அளவு உண்மையாகத்தான் படும், நந்தினி கொஞ்சம் கூடுதல் உண்மையாக. சரித்திரக் கதை கொடுக்கிறவர் இந்தக் கேள்விக்குத் தயாராக இருக்க வேண்டும், அல்லது சேர்ந்து தேடத் தயாராக இருக்க வேண்டும்.

பத்து வயதுக்கே சரித்திரம் வேண்டும் என்றால் சிறிய வாசல் ஒன்று இருக்கிறது. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியை வைத்து எழுதிய சிறார் நாவல், 2023இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. ராஜா ராணி அரண்மனை கிடையாது. ஆதன் என்ற பெயர் கீழடிப் பானை ஓடுகளில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் கீறியிருக்கிற பெயர். படித்த கையோடு கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போய் அந்த ஓடுகளைக் காட்டலாம். கதைக்கும் சான்றுக்கும் நடுவில் ஒரு பஸ் பயணம்தான் என்கிற வசதி எத்தனை சரித்திரக் கதைக்குக் கிடைக்கும்?

சரி, வயதைச் சொல்லு என்று கேட்பீர்கள். வயதை நான் அவ்வளவாக நம்புவதில்லை, ஆனாலும் ஏழெட்டு வயதுக்கு வேதாளம் மாதிரி சின்னச் சின்னதாக முடிகிற மாயக் கதை, ஒன்பது பத்துக்குத் துப்பறிதலும் படக்கதையும், பதினொன்று தாண்டினால் சாகசம், நடப்பு, அறிவியல் புனைவு என்று விரித்துக்கொண்டே போகலாம். பிள்ளை ஒரு வகையிலேயே ஒரு வருடம் உட்கார்ந்திருந்தால் கிளப்பாதீர்கள். முப்பது துப்பறியும் கதை வரிசையாகப் படித்த பையன் எங்கள் தெருவில் இருக்கிறான், முப்பத்தொன்றாவதில் அவனே 'ஐந்தாம் பக்கத்திலேயே தெரிஞ்சுபோச்சு அத்தை' என்று சலித்துக்கொண்டு வேறு தட்டைப் பார்த்தான்.

எந்த வகையாலும் அடைக்க முடியாத ஓட்டை ஒன்று நம் அலமாரியில் உண்டு. பதிமூன்றிலிருந்து பதினாறு வரை. சிறுவர் கதை போதாது, பெரியவர்களுக்கு எழுதியது சிலது புரியாது, சிலது அம்மா கண்ணில் படக் கூடாது. ஆங்கிலத்தில் அந்த வயதுக்கென்றே தனி வரிசை வரிசையாக இருக்கிறது, தமிழில் ஒரு கைக்குள் அடங்கிவிடும், அதனால் சிறுவர் பத்திரிகையிலிருந்து நேரே கல்கிக்கோ சுஜாதாவுக்கோ தாவுகிறார்கள், தாவ முடியாதவர்கள் அந்த இடத்திலேயே தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள். என் நோட்டில் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பெயர்கள் மெலிந்துகொண்டே போகின்றன. போன மாதம் அதில் ஒரு பெண் அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, 'எனக்கு எது அத்தை?' என்றாள். பொன்னியின் செல்வன் முதல் பாகத்தைக் கொடுத்து அனுப்பினேன். இன்னும் திரும்பி வரவில்லை.