சட்டையில் குத்துகிற மணிக்கூடு: இரண்டு வருடம் பாவித்த பிறகு

இது கையில் கட்டுகிற மணிக்கூடு இல்லை. சட்டையின் இடது பக்கம் ஊசியால் குத்தித் தொங்கவிடுவது. அதன் முகம் தலைகீழாக இருக்கும். எதிரே நிற்பவருக்கு ஆறு மேலேயும் பன்னிரண்டு கீழேயும் தெரியும். போட்டிருப்பவள் குனிந்து பார்த்தால்தான் எல்லாம் நேராக வரும். நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு வைத்தியசாலையின் ஈ.ரி.யுவில், அதாவது அவசர சிகிச்சைப் பிரிவில், தாதியாக இருக்கிறேன். இரவு ஏழு மணிக்கு உள்ளே போனால் காலை ஏழுக்குத்தான் வெளியே வருவேன். அந்தப் பன்னிரண்டு மணித்தியாலமும் இது என் நெஞ்சில் தொங்கும்.

கையில் ஏன் கட்டவில்லை என்று பலரும் கேட்கிறார்கள். ஒவ்வொரு நோயாளியைத் தொட முன்னும் தொட்ட பின்னும் கை கழுவ வேண்டும். சவர்க்காரம் போட்டு ஒழுங்காகக் கழுவ 40 முதல் 60 செக்கன் எடுக்கும். மணிக்கட்டில் பட்டி இருந்தால் அதற்குக் கீழே தண்ணீர் போகாது, அழுக்குத்தான் தங்கும். போனைப் பார்க்கலாமே என்றால், இரத்தம் பட்ட கையுறையோடு பொக்கற்றுக்குள் கை விட முடியாது.

சுவர் மணிக்கூட்டை நம்பியிருந்த காலமும் உண்டு. முன்பு நான் வேலை செய்த ஓரிடத்தில் அது ஏழு நிமிடம் பிந்தி ஓடியது, எங்கள் ஒருவருக்கும் தெரியாது. ஒரு மத்தியானம் இறால் கறி சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்க இழுக்க ஒரு அண்ணாவைக் கொண்டுவந்தார்கள். கடும் ஒவ்வாமைக்குப் போடுகிற அட்ரினலின் 0.5 மில்லிகிராம் தொடைத் தசையில் போட்டோம். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் திரும்பவும் போட வேண்டும், போட்டோம். முதல் ஊசியின் நேரத்தை நான் சுவரைப் பார்த்து எழுதினேன். இரண்டாவதை டொக்டர் தன்ர போனைப் பார்த்து எழுதினார். கட்டில் தலைமாட்டுத் தாளில் இரண்டுக்கும் இடையே பன்னிரண்டு நிமிடம் விழுந்தது. அந்த அண்ணா சுகமாகி வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் அந்தத் தாளை வாசிக்கிற எவரும் நாங்கள் பன்னிரண்டு நிமிடம் சும்மா நின்றோம் என்றுதான் நினைப்பார்கள். அது இன்றைக்கும் எனக்குள் ஆறவில்லை. அந்தக் கிழமையே மணிக்கூடு தேடத் தொடங்கினேன்.

முதலில் நகரத்தில் ஒரு கடையில் வாங்கியது மூன்று கிழமையில் கண்ணாடிக்குள் ஆவி பிடித்து நின்றுவிட்டது. மாற்றித் தர முடியாது என்றார்கள். இப்போது பாவிப்பது கொழும்பில் இருக்கிற மச்சாள் 1,850 ரூபாவுக்கு வாங்கி அனுப்பியது. பெயர் சொல்லும்படியான கம்பனி எதுவும் இல்லை. வெள்ளை முகம், பெரிய கறுப்பு இலக்கங்கள், உள்வட்டத்தில் 13 முதல் 24 வரை சின்ன இலக்கங்கள், சிவப்பு செக்கன் முள். சுற்றிவர சிலிக்கன் உறை. நாங்கள் தாளில் 24 மணித்தியாலக் கணக்கில்தான் நேரம் எழுதுகிறோம். நித்திரை கண்ணைக் கட்டுகிற நேரத்தில் மனக்கணக்குப் போடாமல் அந்த உள்வட்டத்தைப் பார்த்து எழுதுவது பெரிய உதவி.

செக்கன் முள்ளுக்காகவே இதை வாங்கலாம் என்பேன். ஒரு விடியப்புறம் ஓட்டமாவடிப் பக்கமிருந்து எட்டு மாதக் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். "மிஸ், மூச்செடுக்க ஏலாமக் கிடக்கான், பாருங்க மிஸ்" என்று உம்மா அழுகிறா. ஒரு கையால் ஒட்சிசன் முகமூடியைப் பிடித்தேன், மற்றக் கையால் குழந்தையின் சட்டையை உயர்த்திப் பிடித்தேன். விலாவுக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுகிறது. குழந்தைகளின் மூச்சை முழு நிமிடமும் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் கணக்குப் பிழையாகிவிடும், ஏனென்றால் அதுகள் ஒரே சீராக மூச்செடுப்பதில்லை. இரண்டு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் 50 வந்தாலே அது வேகமான மூச்சு. முப்பத்தெட்டில் உம்மா என் தோளைப் பிடித்து உலுப்பினா, எண்ணிக்கை தவறிவிட்டது. திரும்பவும் ஒன்றிலிருந்து. தலையைக் குனிந்து, நாடியை என் நெஞ்சில் வைத்து, ஒரு கண் சிவப்பு முள்ளில், ஒரு கண் அந்தச் சின்ன வயிற்றில். 64. என் இரண்டு கையும் அந்த நிமிடம் முழுக்கக் குழந்தையிடம்தான் இருந்தன.

சேலைன் ஓடவிடுவதும் இப்படித்தான். தானாக அளந்து ஏற்றுகிற பம்ப் எல்லாக் கட்டிலுக்கும் கிடையாது. 500 மில்லிலீற்றரை நாலு மணித்தியாலத்தில் ஏற்றச் சொன்னால், மில்லிலீற்றருக்கு 20 துளி விழுகிற குழாயில் நிமிடத்துக்கு 42 துளி. குழாயை ஒரு கையில் பிடித்து, துளியைக் கூட்டிக் குறைக்கிற உருளையை மற்றக் கை விரலால் நகர்த்தி, 15 செக்கனுக்குப் பத்து அல்லது பதினொன்று விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே சரிபண்ணலாம்.

நெல் வெட்டுக் காலம் வந்தால் வாவிக்கு மேற்கே வயல் பக்கமான படுவான்கரையிலிருந்து பாம்புக்கடி வரும். ஒரு இரவு எட்டு மணி தாண்டி, வயலில் காவல் இருந்த ஐயா ஒருவரை மகன் ஓட்டோவில் கொண்டுவந்தான். கண்ணாடி விரியன் என்று அடித்த பாம்பை யூரியாப் பையில் போட்டும் கொண்டுவந்திருந்தான். (தயவுசெய்து பாம்பைக் கொண்டுவர வேண்டாம். அதைத் தேடி அடிக்கிற நேரத்தில் ஆளைக் கொண்டுவாருங்கள்.) அந்த விஷம் ஏறியிருந்தால் இரத்தம் உறையாது. அதைப் பார்க்க, துப்புரவான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து ஆடாமல் அசையாமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு ஒரேயொரு தரம் சரித்துப் பார்ப்பது. நேரத்துக்கு முந்திச் சரித்தால் உறைய இருந்த இரத்தமும் உறையாததுபோல் காட்டும். மகன் ரெண்டு நிமிடத்துக்கு ஒருக்கா வந்தான். "மிஸ், இன்னும் ஏன் மருந்து போடல்ல?" எட்டு நாற்பதுக்குப் பார்ப்பேன் தம்பி என்று சொல்லி மணிக்கூட்டைத் தூக்கிக் காட்டினேன். "இது தலைகீழாக் கிடக்கு மிஸ்" என்றான். கிட்ட வந்து, தலையைச் சரித்து, அந்த முள்ளை அவனும் பார்த்துக்கொண்டு நின்றான். மறுகா ஒரு சத்தமும் இல்லை. எங்களிடம் கோபப்படுகிற உறவினர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது இதுதான்: எத்தனை மணிக்கு என்ன நடக்கும் என்ற ஒரு பதில். எட்டு நாற்பதுக்குச் சரித்தேன், இரத்தம் தண்ணீராக ஓடியது. விஷமுறி மருந்து தொடங்கினோம். மருந்து முடிந்து ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகு திரும்பப் பார்த்தபோது குழாயின் அடியில் கட்டியாக நின்றது. மகன் வாங்கில் தலை வைத்து நித்திரை. எழுப்பித்தான் சொன்னேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இருட்டில் மின்னும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மின்னாது. இரவில் அம்புலன்சில் நோயாளியோடு போகும்போது முள் தெரியாமல் தவித்திருக்கிறேன். ஸ்பிறிற் துடைத்துத் துடைத்து சிலிக்கன் உறை மஞ்சளாகிவிட்டது. வேறு உறை தனியாக வாங்க முடியவில்லை. பற்றரி பதினாலு மாதம் நின்றது, மாற்ற 250 ரூபா.

ஆகப்பெரிய குறை சட்டையில் குத்துகிற அந்த ஊசி. மூன்று வெள்ளைச் சட்டையில் ஓட்டை விழுந்துவிட்டது. மண்டை உடைந்து, குடிவெறியில் வந்த ஒருவருக்குத் தையல் போட உதவிக்கொண்டிருந்தபோது அவர் இதை எட்டிப் பிடித்து இழுத்துவிட்டார். சட்டை கிழிந்தது, திறந்த ஊசி என் கழுத்தில் கீறியது. அன்றிலிருந்து குழந்தைகளைத் தூக்க முன் ஊசி பூட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறேன். அதனால் புதிதாக வாங்குகிற தங்கச்சிமாருக்கு, இதே மணிக்கூடு கிளிப் வைத்தும் வருகிறது, அதை வாங்குங்கள். இழுத்தால் கழன்று வரும். காந்தத்தில் ஒட்டுகிறது வேண்டாம், இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவியை நெஞ்சில் வைத்தவர்கள்மேலும் நாங்கள் குனிகிறோம், காந்தம் அதைக் குழப்பும்.

கடையிலேயே வாங்குவதென்றால் அவசரப்படாமல் ஒரு முழு நிமிடம் நின்று செக்கன் முள்ளைப் பாருங்கள். சிலதில் முள் கோட்டில் விழாமல் இரண்டு கோட்டுக்கு நடுவில் விழும், சிலதில் மேலே ஏறும்போது திணறும். அப்படியானதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று கேளுங்கள்.