தொட்டிலுக்கு அடுத்து: ரப்பர் மரக் கட்டில் எப்படி?

குழந்தை குப்புறக் கவிழத் தொடங்கிவிட்டால் பிறந்தபோது வாங்கிய சின்னத் தொட்டிலின் காலம் முடிந்தது. பெட்டியில் 9 கிலோ வரை தாங்கும் என்று போட்டிருக்கலாம். ஆனால் எடையைவிடக் குழந்தை உருளுவதுதான் முக்கியம். பெரும்பாலான பிள்ளைகள் 4 முதல் 6 மாதத்துக்குள் கவிழ்ந்துவிடுவார்கள். பிறகு கையை ஊன்றி நெஞ்சைத் தூக்குவார்கள். அந்தத் தொட்டிலின் தாழ்ந்த விளிம்பு அதற்குப் போதாது.

குமரி மாவட்டத்து மார்த்தாண்டம், தக்கலை, களியக்காவிளை வட்டாரத்தில் அடுத்ததாகப் பலர் பார்ப்பது ரப்பர் மரத்தில் செய்த பேபி காட், அதாவது சுற்றிலும் கிராதி வைத்த குழந்தைக் கட்டில். வாங்கத் தகுந்த பொருள்தான், மரம் பதப்படுத்தியதாக இருந்தால். பால் வெட்டி ஓய்ந்த மரத்தைத்தான் அறுக்கிறார்கள். அதில் மாவுச்சத்து மிகுதி என்பதால், அறுத்துப் போட்ட சில நாளிலேயே நீலப் பூஞ்சை படரும், வண்டு துளைக்கும். ஆகவே போரிக் ஆசிட், போராக்ஸ் கலந்த கரைசலை அழுத்தத்தில் மரத்துக்குள் ஏற்றி, சூளையில் உலர்த்திய பிறகே வேலைக்கு எடுக்க வேண்டும். கடையில் முன்பக்க பாலிஷைப் பார்த்து ஏமாற வேண்டாம். கட்டிலைச் சாய்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். குண்டூசி முனையளவு துளை, அதன் கீழே மாவு மாதிரிப் பொடி, நீலச் சாயல் இருந்தால் விட்டுவிடுங்கள். மரத்தில் ஏற்றிய அந்தப் போரான் மருந்து தண்ணீரில் கரையும் என்பதால் நல்ல கட்டிலையும் சாரல் அடிக்கும் வராந்தாவில் போடக் கூடாது. ஈரத்துணியால் துடைத்தால் உடனே உலர்ந்த துணியாலும் துடைக்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது ஒரு டேப் எடுத்துப் போங்கள். கிராதியின் அழிகளுக்கு (குச்சிகளுக்கு) இடையே 4.5 செ.மீ.க்குக் குறையாமலும் 6 செ.மீ.க்கு மிகாமலும் இருக்க வேண்டும். இடைவெளி கூடினால் உடம்பு நழுவி வெளியே போய்த் தலை மாட்டிக்கொள்ளும். அழிகள் நெட்டாக இருக்கட்டும். குறுக்குச் சட்டம் வந்தால் அது ஏணி. மூலைக்கால்களில் கடைந்த குமிழ் அழகுதான், ஆனால் சட்டைக் கழுத்து அதில் மாட்டும். ஒரு பக்கக் கிராதி கீழே இறங்கும் மாடலை வாங்கவே வேண்டாம். கொக்கி உடைந்து கிராதி விலக, அந்தச் சந்தில் குழந்தைகள் சிக்கி இறந்த காரணத்தால்தான் அமெரிக்காவில் 2011 ஜூன் மாதத்திலிருந்து அதன் விற்பனையையே தடுத்துவிட்டார்கள்.

விலையைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, அடிப்பலகையை எத்தனை மட்டத்தில் மாட்டலாம் என்பது. மூன்று மட்டம் இருந்தால் நல்லது. மேல்மட்டம் பிறந்த குழந்தைக்கு. எழுந்து உட்காரும் முன்பே நடுமட்டத்துக்கு இறக்க வேண்டும்; பிடித்து நிற்கப் பழகும் முன்பே கீழ்மட்டம். குழந்தை நின்ற பிறகு இறக்கலாம் என்று காத்திருந்தால், அது நிற்கும் முதல் நாளே தலைகுப்புற விழ வாய்ப்புண்டு. கீழ்மட்டத்தில் பலகையிலிருந்து கிராதி உச்சி வரை 60 செ.மீ., மெத்தை போட்டபின் 50 செ.மீ. இருக்க வேண்டும். அப்படியானால் மெத்தை 10 செ.மீ.க்கு மேல் தடிமனாக இருக்கக் கூடாது. கடைக்காரர் 'கனமான மெத்தை, சொகுசா இருக்கும்' என்று 15 செ.மீ. மெத்தையைத் தள்ளிவிடுவார். அந்தச் சொகுசு கிராதி உயரத்தைத்தான் தின்னும்.

அடிப்பலகை அமுக்குத்தூள் பலகையாக (பார்ட்டிகிள் போர்டாக) இருந்தால் இடவப்பாதியும் துலாவர்ஷமும், அதாவது தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழை இரண்டும் சேர்ந்து இரண்டே வருடத்தில் உப்பவைத்துவிடும். சட்டம் சட்டமாக இடைவெளி விட்டு அடித்தது மேல். மெத்தைக்கு அடியில் காற்று போகும். மழைக்காலத்தில் மரம் ஊதி, வெயிலில் சுருங்கும்போது போல்ட்டுகள் தளரும். கட்டிலோடு தந்த ஆலன் சாவியைத் தொலைக்காமல், மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் இறுக்குங்கள். ஆட்டும் வசதி இருந்தால், குழந்தை கவிழத் தொடங்கியதும் அதைப் பூட்டிவிடுங்கள்.

மெத்தையில் காயர்தான் இங்கே முதல் தேர்வு. ஆலப்புழைப் பக்கத்துத் தென்னை நாரை ரப்பர் பாலில் ஒட்டிச் செய்வது. விறைப்பாக இருக்கும், காற்றும் போகும். கையால் அழுத்திப் பாருங்கள், குழி விழுந்து அப்படியே நிற்கக் கூடாது. இலவம்பஞ்சு மெத்தை பெரியவர்களுக்கு எவ்வளவு சுகமோ, குழந்தைக்கு அவ்வளவு ஆபத்து. கவிழ்ந்த முகம் அமிழும், மூச்சு முட்டும். அளவில் மெத்தைக்கும் கிராதிக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் அதுவே எல்லை. உறை எலாஸ்டிக் வைத்து நான்கு மூலையும் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். ரப்பர் ஷீட்டை நேரடியாக மேலே விரித்தால் வேர்க்குருதான் மிச்சம். உறைக்கு அடியில் போடுங்கள்.

ஒரு வயது வரை தலையணை, போர்வை, ஓரத்துப் பஞ்சு மெத்தை எதுவும் வேண்டாம். தலை உருண்டையாகக் கடுகுத் தலையணை என்று பாட்டிமார் சொல்வார்கள். தூங்கும்போது அதுவும் கூடாது. விழித்திருக்கையில், ஆள் பக்கத்தில் இருக்க, குப்புறப் போட்டு விளையாடவிட்டால் பின்மண்டைத் தட்டை பெரும்பாலும் குறையும். படுக்க வைப்பது எப்போதும் மல்லாந்துதான். தானாகக் கவிழ்ந்து, தானாகவே திரும்பவும் தெரிந்த பிள்ளையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டாம்.

குடை போல விரியும் கொசுவலை இந்த வயதுக்கு ஒத்துவராது. உருண்டுபோய் வலையில் முகம் பதியும், கம்பி வளையும். பெரிய சதுர வலையைக் கட்டிலுக்கு வெளியே, கைக்கு எட்டாத தூரத்தில் கட்டுங்கள். முடிந்தால் ஜன்னலுக்கே வலை அடித்துவிடலாம். டெங்குக் கொசு பகலிலும் கடிக்கும், ஆகவே பகல் தூக்கத்துக்கும் வலை தேவை.

கட்டில் வைக்க இடமில்லாத வீட்டில் தரைதான் இரண்டாவது நல்ல வழி. உயரமான பெரிய கட்டிலில் சுவரோரம் படுக்கவைப்பதைவிட எவ்வளவோ மேல். அங்கே சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே விழும் சந்துதான் எமன். தரையில் கோரைப்பாய் விரித்து அதன்மேல் 10 செ.மீ. காயர் மெத்தை போடுங்கள். காலையில் எடுத்துச் சுவரில் சாய்த்து உலரவிடாவிட்டால் மழை மாதங்களில் அடியில் பூஞ்சை பிடிக்கும். எறும்புக்கு மருந்துச் சாக்பீஸ் கோடு போடாதீர்கள், தவழும் பிள்ளை அதை நக்கிவிடும். தரையில் படுக்க வைத்தால் அறை முழுவதுமே கட்டில்தான். பிளக், ஒயர், அலமாரி எல்லாவற்றையும் முதலில் சரிசெய்ய வேண்டும்.

சேலைத் தொட்டிலும் ஸ்பிரிங் தொட்டிலும் இந்த வயதுக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வளைந்த துணியில் தாடை நெஞ்சில் இடித்து மூச்சு தடைப்படலாம். பிள்ளை விளிம்பைப் பிடித்து எழுந்தால் தொட்டில் கவிழும். மடக்கும் வலைக்கூடு (பக்கமெல்லாம் வலை வைத்த மடக்குக் கட்டில்) பயணத்துக்கு நல்லது. அதனுடன் வரும் மெல்லிய மெத்தைக்கு மேலே இன்னொன்று வாங்கிப் போட வேண்டாம், ஓரத்தில் சந்து விழும்.

ஆசாரியிடம் செய்யச் சொன்னால் பலா, அயினி (காட்டுப்பலா) மரத்தில் கிடைக்கும், பல வருடம் உழைக்கும். அளவுகளைத் தாளில் எழுதிக் கொடுங்கள், உள்ளளவு 120 × 60 செ.மீ. என்றால் மெத்தை கடையில் நேரடியாகக் கிடைக்கும். பாலிஷ் வாடை போகும்வரை காற்றில் வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். உறவினர் தரும் பழைய கட்டிலில் பெயிண்ட் உரிந்திருந்தால் வாங்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) உச்சவரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்தது எதுவாகவும் இருக்கலாம். கட்டிலை விடும் காலம் குழந்தையின் உயரம் 89 செ.மீ. ஆகும்போது, அல்லது கிராதி அதன் நெஞ்சளவுக்கு வரும்போது. எது முதலில் வருகிறதோ அதுதான்.