மில்வாலா, நார்விச்சா? ஹாரி கேன் கடனில் ஆடிய காலம்

இங்கிலாந்து கால்பந்து முன்கள வீரர் ஹாரி கேனை, இளம் வயதில் அவரது கிளப்பான டாட்டன்ஹாம் கடனாக, அதாவது தற்காலிகமாக ஆட, அனுப்பிய நான்கு கிளப்புகளில், மில்வாலும் நார்விச்சும் நேரெதிர் அனுபவங்கள்.

2012 ஜனவரியில் மில்வாலுக்குப் போனபோது அவருக்கு வயது 18. இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பிலிருந்து கீழே விழாமலிருக்கப் போராடிய அணி அது. ஒவ்வொரு புள்ளியும் உயிர் பிரச்சினை. முரட்டுப் பின்கள வீரர்களோடு வாராவாரம் முட்டி மோத வேண்டியிருந்தது. எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 27 ஆட்டங்களில் 9 கோல் அடித்தார். அணி தப்பித்தது, கிளப்பின் சிறந்த இளம் வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. முதிர்ந்த வீரர்களின் பிழைப்பே ஆட்டத்தின் முடிவைப் பொறுத்திருக்கும் அந்த அழுத்தத்தை எந்த இளையோர் அணியாலும் தர முடியாது.

அடுத்த சீசனில் நார்விச். முதல் அடுக்கான பிரீமியர் லீக், பெரிய பெயர். ஆனால் லீக் கோப்பையில் டான்காஸ்டருக்கு எதிராகப் பாத எலும்பு முறிந்தது. மொத்தம் 5 ஆட்டங்கள், கோல் இல்லை. 2013 பிப்ரவரியில் டாட்டன்ஹாமே திரும்ப அழைத்துக்கொண்டது. காயத்துக்கு நார்விச்சைக் குறைசொல்வது நியாயமல்ல. ஆயினும் காயத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், 18 வயது முன்கள வீரனுக்கு நான் மில்வாலையே தேர்ந்தெடுப்பேன்.